இடுப்பும் கோலும்

மேனாட்டு விளையாட்டுக்களுள் கோல்ப் என்பது ஒன்று. பசும்புல் தரையிலே சிறு வெள்ளைப் பந்தொன்றை வைத்து, நீண்ட கோலால் அதனை அடித்துச் செலுத்தி, நெடுந்தொலைவிலுள்ள ஒரு குழியில் விழச்செய்வதே அதன் நோக்கம். பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறைதலும், நிறை 45.93 கிராமுக்கு மிகுதலும் கூடா என்பது விதி. இத்துணைச் சிறிய பொருளை, அசையாது தன்முன் கிடக்கும் பொருளை, அடிப்பதற்குக் கலையொன்று வேண்டுமோ என்று நேயர் வினவலாம். யாமும் முதலில் அவ்வாறே வினவினோம். ஆயின், வலிமை மிக்க இளைஞனொருவன் தன் முழு ஆற்றலையுங் கொண்டு அடித்த பந்து நூறு கஜத்துக்குள் சோர்ந்து விழ, அவனிற் பாதி வலிமையுடைய முதியவர் ஒருவர் ஆரவாரமின்றி வீசிய பந்து அதனினும் இருமடங்கு தொலைவு செல்வதை அவ்வாட்டத்திற் பழகினோர் நாடோறுங் காண்கின்றனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கோல்ப் என்னும் பெயர், தடியைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லொன்றோடு தொடர்புடையது என்பர் மொழிநூலார். நம் தமிழிலும் கோல் என்பது தடியே. இவ்வொலியொற்றுமை தற்செயலானதே, இதனைக் கொண்டு ஸ்காத்லாந்தியர்க்கும் தமிழர்க்கும் உறவு கற்பிக்க யாம் முற்படவில்லை. ஆயினும் கோலை வீசும் முறையில் உண்மையானதோர் உறவு உண்டு. அவ்வுறவைக் காட்டுதற்குச் சிவகங்கைச் சீமையினும் பொருத்தமான நிலம் வேறில்லை என்பது எம் துணிபு.

கோல்ப் பயிற்றும் ஆசிரியர்கள் இரண்டு சொற்களை ஓயாது வழங்குகின்றனர். ஒன்று இடுப்புச் சுழற்சி. மற்றொன்று ஆங்கிலத்தில் ‘லாக்’ எனப்படுவது. பின்னதற்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று யாம் சிறிது ஆராய்ந்தோம். ‘தாமதம்’ என்றால் வேண்டாத சோம்பல் தோன்றுகின்றது. ‘பின்தங்கல்’ என்றால் தோல்வியின் வாடை வீசுகின்றது. ஆதலின் ‘பிந்துகை’ என்று ஆள்வோம். கை முன்னே செல்ல, கோலின் தலை பின்னே தொடர்ந்து வருதலே பிந்துகை. வீச்சு கீழிறங்கும் பொழுது, முன்கைக்கும் கோலுக்கும் இடையே ஒரு கோணம் இருக்கின்றது. அது ஏறத்தாழ செங்கோணமாக நெடுநேரம் நிலைத்துப் பந்தை அணுகும் வேளையில் விரியுமாயின், பிந்துகை மிகுதி என்பர். வீச்சுத் தொடங்கியவுடனே விரிந்துவிடுமாயின், மீன்பிடிப்பவன் தூண்டிலை எறிவது போன்றதென்று அதனை இகழ்வர்.

களத்திற் கதிரடித்தலைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. நெற்கட்டைப் புரியால் வளைத்துப் பிடித்துத் தலைக்குமேல் ஓங்கி அடிக்கும் உழவனின் கைகள் முதலில் இறங்குகின்றன. கதிர்முனை முதுகுப்புறமாகத் தங்கி, பின்னர்ச் சரேலென்று வந்து பலகையில் மோதுகின்றது. கையும் கதிரும் ஒரே நேரத்தில் இறங்குமாயின் மணி உதிராது. சாட்டையும் அத்தகையதே. வண்டிக்காரன் மணிக்கட்டை ஒரு முறை சொடுக்குகின்றான். கைப்பிடி நின்றுவிட்ட பின்னரே நுனி ஓடி வந்து வெடிக்கின்றது. தினைப்புனங் காத்தோர் கிளி கடிந்த கவணும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இனி இதன் காரணத்தைச் சிறிது நுணுகிக் காண்போம். 1968-ஆம் ஆண்டில் அலஸ்டைர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்னும் இருவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலொன்றில், கோல்ப் வீச்சினை இரட்டை ஊசலாகக் கொண்டு ஆராய்ந்தனர். தோளிலிருந்து தொங்கும் கைகள் ஓர் ஊசல். மணிக்கட்டிலிருந்து தொங்கும் கோல் மற்றோர் ஊசல். ஒரு பொருளைச் சுழற்றுதற்கு உள்ள தடை, அதன் எடையை மட்டும் பொறுத்ததன்று. சுழலும் மையத்திலிருந்து அவ்வெடை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் பொறுத்தது. தொலைவு இருமடங்கானால் தடை நான்மடங்காகும். கோல் மடங்கியிருக்கும் வரை அதன் கனத்த தலை உடலுக்கு அருகில் இருத்தலின், உடலும் கையும் எளிதில் விரைவு கொள்கின்றன. விரைவு கூடக்கூட, கோலின் தலை வெளிப்புறமாகப் பறந்து விரிய முயல்கின்றது. அங்ஙனம் விரியும் பொழுது அது கைகளைப் பின்னுக்கிழுத்து அவற்றின் விரைவைத் தான் கவர்ந்துகொள்கின்றது. கை தளர்கின்றது, கோல் பாய்கின்றது. முதன்மையான ஆட்டக்காரர்களின் நெடுங்கோல் பந்தை முட்டும் வேளையில் மணிக்கு 180 கிலோமீட்டர் அளவில் விரைகின்றது. அவர்களுடைய கைகளின் விரைவோ அதில் நான்கில் ஒரு பங்கு அளவே. கீழிறங்கும் வீச்சு முழுவதும் கால் நொடிப்பொழுதில் முடிந்துவிடுகின்றது. பந்தும் கோலும் தொட்டிருக்கும் நேரம், ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு.

ஈண்டு ஒரு பெரும் பிழையைக் குறித்தல் வேண்டும். புகைப்படங்களிலே தேர்ந்த ஆட்டக்காரரின் மணிக்கட்டு மடங்கியிருப்பதைக் கண்ட இளைஞர், தாமும் மணிக்கட்டை இறுக்கி, கோணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே கீழிறக்க முயல்கின்றனர். கோல் விரிய வேண்டிய காலத்தும் விரியாமல் பந்தைக் கடந்துவிடுகின்றது. அல்லது பந்து வலப்புறமாகச் சிதறுகின்றது. பிந்துகை என்பது செய்யப்படுவதன்று; நேர்வது. சாட்டையின் நுனியைப் பின்னே நிறுத்தி வைக்க வேண்டும் என்று எந்த வண்டிக்காரனும் எண்ணுவதில்லை. கைப்பிடி முன்னே போயிற்று. ஆதலின் நுனி பிந்திற்று. அவ்வளவே. அவ்வாறாயின் கோல்ப் வீச்சில் முன்னே போவது யாது? கை என்று விடையிறுப்போர் பாதி வழி வந்தவராவர். கைக்கு முன் மார்பு. மார்புக்கு முன் இடுப்பு. இடுப்புக்கு முன் தரையை மிதிக்கும் கால். தேர்ந்தோர் உடலிற் கருவி பொருத்தி அளந்து பார்த்தோர், முதலில் இடுப்பும், அதன்பின் மார்பும், அதன்பின் கையும், ஈற்றிற் கோலுமாக ஒன்றன்பின் ஒன்று தத்தம் உச்ச விரைவை எய்துவதையும், முன்னது தளரும் வேளையிலே பின்னது மேலெழுவதையுங் கண்டனர்.

இவ்வுண்மையைச் சிவகங்கைச் சீமை கருவிகளின் உதவியின்றி அறிந்திருந்தது. இந்நாட்டு வீரரின் கையிலே வளரி என்றொரு படைக்கலம் இருந்தது. வளைதடி எனவும் அதனை வழங்குவர். பிறை வடிவினது, வைரமேறிய மரத்தாலோ, சிற்சில வேளை இரும்பாலோ செய்யப்படுவது. அதன் ஒரு முனை மற்றையதினும் கனமுடையது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதியில் புதுக்கோட்டையிலிருந்து கிடைத்த செய்தி ஒன்று உளது. வளரியெறிவோர் மெலிந்த முனையைக் கையிற் பற்றி, விசை ஏறும்பொருட்டுத் தோளுக்குமேற் சில முறை சுழற்றி, பின்னர்க் குறியை நோக்கி வீசுவர் என்பது அச்செய்தி. மெலிந்த முனை கையில். கனத்த முனை பின்னே! கோல்ப் கோலின் அமைப்பும் இதுவேயன்றோ?

வளரியைப் பற்றி எழுதிய ஆங்கிலேயருள் ஜேம்ஸ் வெல்ஷ் என்பவரை மறத்தல் இயலாது. கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் இளம் அதிகாரியாக 1790-களில் இப்பகுதிக்கு வந்த அவர்க்கு, ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதற் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே. தேர்ந்தவன் கையிலே அது நூறு கஜத் தொலைவுக்குள் குறி தப்பாது செல்லும் என்று 1830-இல் வெளிவந்த தம் படை நினைவு நூலில் வெல்ஷ் குறித்துள்ளார். ஆசானும் மாணாக்கனுமாக இருந்த அவ்விருவரும் 1801-ஆம் ஆண்டிற் போர்க்களத்தின் இரு புறமும் நின்றனர். காளையார்கோயிற் காடு வீழ்ந்த பின்னர், வேட்டைவிலங்கைத் துரத்துவது போலத் தம் பழைய நண்பரைத் துரத்த நேர்ந்ததையும், தொடையெலும்பு முறிந்த நிலையில் அவர் சிறைப்பட்டுக் கிடந்ததையும் வெல்ஷ் துயரத்தோடு எழுதுகின்றார். அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். காரைக்குடியிலிருந்து மதுரை செல்லும் பேருந்து இன்றும் அவ்வூர் வழியே செல்கின்றது. 1801 டிசம்பரிற் சென்னை அரசாங்கம் தென்பாளையங்களில் ஆயுதந் தாங்குதலைத் தடுத்து அறிக்கை வெளியிட்டது. வளரி கைகளை விட்டகன்று கண்காட்சிச் சாலைகளிற் குடிபுகுந்தது. தஞ்சைப் படைக்கொட்டிலிலிருந்து வந்த தந்த வளரிகள் இரண்டும், புதுக்கோட்டை மரவளரி ஒன்றும் சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையில் இடம்பெற்றிருந்தமையைத் தர்ஸ்டன் கூறுகின்றார். கண்ணாடிப் பெட்டிக்குட் கிடக்கும் வளரி அதன் வடிவத்தை மட்டுமே காட்டும். அதனை வீசிய இடுப்பைக் காட்டுமோ?

சிலம்பத்தின் நிலை அத்துணை இரங்கத்தக்கதன்று. அஃது இன்றும் உயிரோடுள்ளது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்களிற் காட்சி விளையாட்டாக அது சேர்க்கப்பட்டது. நம் பக்கத்து ஊர்களிலே திருவிழாக் காலங்களிற் கம்பு சுற்றுவோரைக் காணாதவர் இலர். காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றிற் சிறுவர்க்குக் கம்பு பழக்கும் ஆசான் ஒருவரிடம் யாம் இப்பொருள் பற்றி வினவினோம். கோல்ப் என்ற பெயரையே அவர் கேட்டதில்லை. ஒரு குச்சியைக் கையில் எடுத்து யாம் வீசிக் காட்டியதும் நகைத்து, “தம்பி, கம்பெ நீங்க இழுக்குறீங்க. காலெ மொதல்ல வைங்க, இடுப்பு திரும்பட்டும், கம்பு தன்னால வரும்” என்றார். காக்ரனும் ஸ்டாப்ஸும் ஏடு நிறைய எழுதியதனை அவர் ஒரே மூச்சிற் சொல்லி முடித்தார்! சிலம்பத்திற் பயிற்சி கம்பிலே தொடங்குவதில்லை. சுவட்டிலே, அஃதாவது கால்வைப்பிலே, தொடங்குகின்றது. கம்பு கையிற் கிடைப்பதற்கு முன் நெடுநாள் வெறுங்காலாற் சுவடு பழக்கும் ஆசான்மாரும் உளர். ஆயினும் இரண்டும் ஒன்றே என்று கூறுதல் பொருந்தாது. சிலம்பக் கம்பு இடைவிடாது சுழல்வது. பிடி மாறிக்கொண்டே இருப்பது. கோல்ப் வீச்சோ பின்னே சென்று, திரும்பி, ஒரே அடியாக முடிவது, பிடி மாறாதது. ஒன்றிற் பழகியவர்க்கு மற்றொன்று தானே வந்துவிடாது. வருவது அடிப்படையான ஒழுங்கு மட்டுமே.

அவ்வொழுங்கினை வலக்கைப் பழக்கமுடையாரை முன்வைத்துக் கூறுவோம். ஆடுபவன் தன் இடத்தோள் குறியை நோக்குமாறு பக்கவாட்டில் நிற்கின்றான். கோலைப் பின்னே எடுக்கும் பொழுது தோள்கள் ஏறத்தாழ 90 பாகையும், இடுப்பு அதிற் பாதியும் திரும்புகின்றன. தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள இவ்வேறுபாடே முறுக்கிய கயிறுபோல் உடலில் விசையைத் தேக்குகின்றது. அடுத்து நிகழ்வதுதான் நுட்பமானது. கோல் பின்னே போய் முடிவதற்கு ஒரு கணம் முன்பே, இடக்கால் தரையை அழுத்தத் தொடங்குகின்றது. உடல் எடை முதலில் அக்காலுக்கு மாறுகின்றது. அதன்பின் இடுப்பு சுழல்கின்றது. மேற்பகுதி இன்னும் பின்னோக்கிச் செல்ல, கீழ்ப்பகுதி முன்னோக்கித் திரும்புகின்றது. இவ்விருதிசை இயக்கத்தினாலேயே பிந்துகை பிறக்கின்றது. இடக்கால் நிமிர, இடப்புற இடுப்பு முன்னே தள்ளப்படாமற் பின்னுக்கு வாங்குகின்றது. வலப்புறம் சுற்றி வந்து அதன் இடத்தை நிரப்புகின்றது. பந்தை அடிக்கும் வேளையில் தொப்புள் பந்தை நோக்கி நில்லாது, குறியின் பக்கமாகப் பெரிதும் திரும்பியிருக்கும்.

பலரும் தவறுவது வரிசையில். எடை மாறுவதற்கு முன் இடுப்பைச் சுழற்றினால் வலத்தோள் முன்னே பாய்ந்து, கோல் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டும். எடையை மட்டும் மாற்றிச் சுழற்றாதிருந்தால் உடல் ஊஞ்சல்போற் பக்கவாட்டில் நகரும். கை செல்ல வழியிராது. சுழலும் பொழுது இடுப்பு பந்தை நோக்கி முன்தள்ளினால் உடல் நிமிர்ந்து, அடி பந்தின் உச்சந்தலையிற் படும். அமெரிக்கராகிய பென் ஹோகன், கீழ்வீச்சைத் தொடங்க வேண்டுவது இடுப்பே என்று 1957-இல் வெளிவந்த தம் பயிற்சி நூலில் வற்புறுத்தியுள்ளார். 1949 பிப்ரவரியில் அவர் சென்ற மோட்டார் வண்டியின்மீது பேருந்து மோதி இடுப்பெலும்பு முறிந்தது; மீண்டும் நடப்பாரோ என்று பலர் ஐயுற்றனர். மறு ஆண்டிலேயே, கட்டுப் போட்ட கால்களோடு, அமெரிக்க ஓப்பன் போட்டியில் அவர் வென்றார். இடுப்பின் அருமையை அறிந்து எழுதியவர் எனலாம்.

பயிற்சிக்கு வருவோம். கோல்ப் கோல் இல்லாதார்க்கும் இவை இயலும். உரலுலக்கையன்றி வேறு யாதாயினும் போதும். முதலாவதும் சிறந்ததும் ஓசைப் பயிற்சி. மெல்லிய மூங்கிற் கோலொன்றை, ஏறத்தாழ மூன்றரை அடியளவினதாக, எடுத்துக்கொள்க. கோல்ப் கோலே கிடைத்தால் அதனைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்க. பந்து இருக்க வேண்டிய இடத்தை ஒரு சிறு கல்லாற் குறித்து வீசிப் பார்த்தால் ‘விர்’ரென்று காற்றின் ஓசை எழும். அவ்வோசை எங்கே எழுகின்றது என்பதைச் செவி கொண்டு அறிதல் வேண்டும். வலத்தோளின் அருகே எழுமாயின் கோல் முன்னரே விரிந்துவிட்டது; விசை வீணாயிற்று. கல்லின் இடத்திலோ அதனைச் சிறிது கடந்தோ எழுமாயின் பிந்துகை உண்டு. கண்ணுக்கு எட்டாத கால் நொடிச் செயலைச் செவி பிடித்துவிடுகின்றது. பிடியை இறுக்கினால் ஓசை மங்குவதையும் இதிற் காணலாம். குருவிக்குஞ்சைப் பிடிக்கும் அளவே பிடித்தல் வேண்டும் என்று பழைய ஆசிரியர்கள் கூறுவதன் பொருள் அப்பொழுது விளங்கும்.

மற்றொன்று சுவட்டுப் பயிற்சி. இரு பாதங்களையும் சேர்த்து நின்று, கோலைப் பின்னே எடுக்கத் தொடங்குக; அது மேலே சென்று சேருமுன் இடக்காலைக் குறியை நோக்கி ஓரடி எடுத்து வைத்து, பின்னர் வீசுக. எடை முதலில், சுழற்சி பின்னர் என்னும் வரிசை தானே அமையும். சுவரைப் புறத்தே கொண்டு, பின்புறம் அதனைத் தொடுமாறு சிறிது குனிந்து நின்று பழகுவதும் நன்று. கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு பின்னே திரும்பும் பொழுது வலப்புறமும், முன்னே திரும்பும் பொழுது இடப்புறமும் சுவரைத் தொட வேண்டும். சுவரை விட்டு இடுப்பு விலகினால் முன்தள்ளுகின்றது என்று அறிக. செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்து மழமழத்த சுவர்கள் இதற்கு மிக ஏற்றவை, வீட்டார் இசைவார்களாயின்.

எச்சரிக்கை ஒன்று. இடுப்பு திரும்பாத குறையை முதுகெலும்பின் அடிப்பகுதி ஈடு செய்ய முயலும். கோல்ப் ஆடுவோரை மிகுதியாகப் பற்றும் நோவு அவ்விடத்து நோவே. நம்மவர் தரையிற் சம்மணமிட்டு அமர்ந்து பழகியவர். ஆதலின் இடுப்பு நெகிழ்வு நமக்கு இயல்பு என்று சிலர் எண்ணலாம். சம்மணத்தில் தொடை வெளிப்புறமாகத் திரும்புகின்றது. வீச்சின் முடிவில் இடத்தொடைமீது இடுப்பு திரும்புவதோ உட்புறச் சுழற்சி. ஒன்று மற்றொன்றைத் தராது. உட்சுழற்சி குறைந்தவர் இடப்பாதத்தின் முன்பகுதியைக் குறியை நோக்கிச் சிறிது வெளியே திருப்பி நிற்பின் முட்டுக்கும் முதுகுக்கும் நலம். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு இருபது வீச்சு போதும்; அவையும் மெல்ல.

தூரம் ஒன்றே இவ்வாட்டத்தின் முழுமையும் அன்று என்பதையும் கூறுதல் முறை. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் நான்காம் இடம் பெற்ற பெங்களூர் அதிதி அசோக், நெடுந்தொலைவு அடிப்போருள் ஒருவர் அல்லர். குழியருகே பந்தை உருட்டுவதில் அவர் கை தேர்ந்தது.

இவையெல்லாம் நமக்கு எதற்கு, சிவகங்கைச் சீமையின் சிறுவன் கோல்ப் கோலை எங்கே காணப்போகிறான் என்று கேட்பார் உளர். கேள்வி நேரியதே. தமிழ்நாட்டிற் கோல்ப் ஆடுகளங்கள் சிலவே. 1895-இல் தொடங்கிய கொடைக்கானற் கழகமும், உதகையிலும் சென்னையிலும் உள்ளனவும் அவற்றுட் பழையன. அவை பெரும்பாலும் உறுப்பினர்க்கே உரியன, உறுப்பினராதல் எளிதன்று. வாயிலின் வழி செல்லாது வேலியின் வழியே உள்ளே சென்றவரும் உளர். 1991-இல் இந்திய ஓப்பன் போட்டியில் வென்ற அலி ஷேர், பிறருடைய கோற்பையைச் சுமந்து ஆட்டத்தைக் கற்றவர். 2009-இல் அதே போட்டியில் வென்ற சி. முனியப்பாவும் பெங்களூரில் அவ்வாறே பை சுமந்தவர். பை சுமக்கும் சிறுவனுக்கு எவரும் பாடஞ் சொல்வதில்லை. நாள் முழுதும் பிறர் வீசுவதைப் பார்க்கின்றான். அவர்கள் சென்ற பின்னர்க் கிடைத்த குச்சியை எடுத்து வீசிப் பார்க்கின்றான். ஓசை எங்கே எழுகின்றது என்பதை அவன் செவி அறியும்.